ஊர் ஊராய்ப் போகும் இசைக்குழு



நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு புதுக் கவலை புகுந்திருக்கிறது. படித்துப் பட்டமும் பெற்ற பிள்ளை ஒரு நாள் இரவு உணவு வேளையில் தயங்கித் தயங்கி வாய் திறக்கிறான். தானும் தோழர் மூவரும் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு அமைத்திருப்பதாகவும், பழைய வேன் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், வேலையிலிருந்து விடுப்புப் பெற்று ஆறு வாரம் ஊர் ஊராகச் சென்று வாசிக்கப் போவதாகவும் சொல்கிறான். சில வீடுகளில் இதைச் சொல்பவள் பெண். தாயார் கண் கலங்குகிறார். தந்தையார் பேச்சை நிறுத்திவிடுகிறார். “நம் குலத்தில் இப்படி உண்டா?” என்பதே முதற்கேள்வியாக எழுகிறது.

உண்டு என்பதே இம்மாதம் அடியேன் சொல்ல எடுத்துக்கொண்டது. மின்கிதாரின் ஓசை செவிக்கு இனிதா, இன்னாததா என்ற வழக்கிற்குள் நான் நுழையவில்லை. அதில் என் தீர்ப்பைக் கேட்டால் இளைஞர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதையே விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு சிறு குழு, பெருமுதலாளி எவரையும் சாராமல், தன் கருவிகளைத் தானே சுமந்து, ஊருக்கு ஓர் இரவாக ஆடிப் பாடிப் பிழைப்பது நமக்குப் புதிதன்று.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குப் போன அன்பர்கள் பிச்சாட்டூரைக் கடந்திருப்பார்கள். சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈசுவரனையும், நாகலாபுரத்தில் வேதநாராயணரையும் வணங்கிச் சற்றுத் தொலைவு சென்றால் பிச்சாட்டூர்; அதற்கப்பால் நாராயணவனம், புத்தூர். ஆரணியாற்றின் அணை இங்குதான் இருக்கிறது. மழைக்காலத்தில் இங்கே மதகு திறந்தால் கீழே ஊத்துக்கோட்டையில் தரைப்பாலம் என்ன ஆகுமோ என்று திருவள்ளூர் மாவட்டத்தார் கவலைப்பட்டதுண்டு. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துக்கும் ஆந்திரத்துக்கும் எல்லை மாற்றிக் கோடு கிழித்தபோது, திருத்தணி இப்பக்கம் வந்தது. சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் அப்பக்கம் சென்றன. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பிச்சாட்டூர், 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோடு எத்தனை முறை மாறினால் என்ன? கடைத்தெருவில் இரு மொழியும் ஒலிக்கின்றன. திரௌபதியம்மனுக்கும் தர்மராஜருக்கும் கோயில்கள் எல்லையின் இருபுறமும் இருக்கின்றன. பாரத விழா வந்தால், பகலிற் கதை படிப்பதும் இரவில் அதனையே ஆடிக் காட்டுவதும் இருபுறத்து வழக்கமே. தமிழில் அது தெருக்கூத்து; கட்டைக்கூத்து என்றும் சொல்வர். தெலுங்கில் வீதி நாடகம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலவே இருக்கும்.

இந்த ஆட்டத்தை ஆடுவோரின் பயணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு குழுவிற் பதினைந்து பேர் அளவில் இருப்பர். வாத்தியார் ஒருவர், வேடம் கட்டுவோர், ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு, முகவீணை, தாளம் ஆகியவற்றுக்கு உரியோர். பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை இவர்களுக்கு ஓய்வென்பது அரிது. பெயர் பெற்ற குழு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட இரவுகள் ஆடும். ஓர் ஊரார் வந்து வெற்றிலை பாக்கும் முன்பணமும் கொடுத்து இரவைக் குறித்துச் செல்வர். பாரத விழாவுக்கு அமர்த்தினால் ஒரே ஊரில் எட்டு, பத்து இரவுகள் தங்கலாம். அது அவர்களுக்கு வரம். ஓரிரவு ஆட்டங்களோ அப்படியல்ல. இன்று ஒரு மாரியம்மன் திருவிழா, நாளை இருபது கல் தொலைவில் ஒரு கருமாதி. இறந்தவர் நற்கதி பெற வேண்டிக் கர்ண மோட்சம் ஆடச் செய்வது வட தமிழ்நாட்டில் வழக்கம். ஆகவே இன்றிரவு திருவிழாக் கூட்டத்தைச் சிரிக்கவைத்த கலைஞர், நாளை இரவு துக்க வீட்டாரின் கண்ணீருக்கு முன் கர்ணனாக விழ வேண்டும்.

முற்காலத்தில் ஆடை அணிப் பெட்டிகளைத் தலையில் சுமந்து நடந்தார்கள், கொஞ்சம் வசதி வந்தபின் மாட்டு வண்டி, இப்போது வேன். பெட்டிக்குள் இருப்பவை கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை முதலியன. எடை குறைந்த மரத்திற் செதுக்கி, வண்ணமும் கண்ணாடிச் சில்லும் பதித்தவை. ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரே இவற்றால் வந்தது. மாலையில் ஊர் சேர்ந்ததும், கோயில் மண்டபமோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோ ஊரார் காட்டிய இடத்தில் பெட்டியை இறக்குவர். ஊர்ச் சோறு உண்டு. பிறகு ஒவ்வொருவரும் கையிற் சிறு கண்ணாடியை ஏந்தி, தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வர். ஒப்பனைக்கு வேறு ஆள் கிடையாது. அதற்கே ஓரிரு மணி நேரம் ஆகும். கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் விடியும் வரை மூச்சையும் அளந்துதான் விட வேண்டும்.

இரவு பத்து மணி அளவில் கட்டியக்காரன் வருவான். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து துரியோதனன் தன் வரவைப் பாடுவான். திரை விலகும். அதன்பின் கிழக்கு வெளுக்கும் வரை ஆட்டந்தான். ஒலிபெருக்கி வந்த பின்னும், ஊர்க் கோடியில் திண்ணையில் இருக்கும் கிழவிக்கும் கேட்க வேண்டும் என்ற பழைய பழக்கத்தில், உச்சத் தொனியிலேயே பாடுகிறார்கள். துகிலுரியும் கட்டத்தில் திரௌபதி வேடம் பூண்டவருக்குக் கற்பூரம் காட்டுவோர் உண்டு. பதினெட்டாம் போர் முடிந்த காலையில், வெட்ட வெளியில் மண்ணாற் செய்து கிடத்திய பேருருவத் துரியோதனனின் தொடையைப் பீமன் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி. அதற்குள் குழுவின் வேன் அடுத்த ஊருக்குப் புறப்பட்டிருக்கும்.

வருவாய் எப்படி? இதுவே நம் பெற்றோர்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அவர்கள் கேட்பதென்னவோ தலைமயிரைப் பற்றித்தான். கூத்துக் குழுக்களில் இரண்டு வழக்கங்கள் உள. ஒன்று பங்கு: ஓர் இரவில் வந்த பணத்தில் வண்டிச் செலவு நீக்கி, தலைமை வேடக்காரர்க்கு இத்தனை, புதிதாய்ச் சேர்ந்த சிறுவனுக்கு இத்தனை என்று தகுதிக்கேற்பப் பிரிப்பது. மற்றொன்று முன்பணம்: பருவத் தொடக்கத்திற் குழு உரிமையாளரிடம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, அந்தப் பருவம் முழுவதும் அவருக்கே ஆடுவது. மழைக்காலத்திற் கடன் பட்ட வீட்டுக்கு இந்த முன்பணம் அரிசி. ஆனால் காலில் கட்டிய கயிறும் அதுவே. நடுநடுவே, பாட்டை மெச்சிய ஊரார் ரூபாய்த் தாளைச் சட்டையிற் குத்துவர். கொடுத்தவர் பெயரை ஆட்டத்தை நிறுத்தி அறிவிக்க வேண்டும். கலைக்கு இது இடையூறு என்று சில அறிஞர்கள் முகம் சுளிப்பர். சுளிப்பவர்கள் தாள் ஒன்றைக் குத்திவிட்டுச் சுளிக்கலாம்.

மேல்நாட்டு ராக் குழுவின் கணக்கும் இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நுழைவுச் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி, வாசலில் மேசை போட்டு விற்கும் இசைத்தட்டும் பனியனும், அதிலிருந்து பெட்ரோலும் உணவும். அறிமுகமான யாரேனும் வீட்டுத் தரையில் படுக்க இடம் கொடுத்தால் விடுதிச் செலவு மிச்சம். உலகப் புகழ் பெற்ற பீட்டில்சு குழுவினரே 1960 ஆகசுட்டில் ஐவராக ஒரு வேனில் அடைந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குச் சென்றவர்கள்தாம். படுத்தது ஒரு சினிமாக் கொட்டகையின் பின்புறம், கழிப்பறையை அடுத்த சாமான் அறையில். இரவுதோறும் மணிக்கணக்கில் வாசித்தார்கள். அவர்களுள் இளையவரான ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயது 17. இரவு விடுதியில் வேலை செய்யும் வயது வரவில்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் நவம்பரில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டிலும் ஒரு தாயார் இருந்திருப்பார் அல்லவா?

பள்ளிப்படிப்பின் கதை இதைவிடக் கடினமானது. நம் டி. கே. சண்முகம் 1918இல், ஆறு வயதுச் சிறுவனாக, சங்கரதாசு சுவாமிகளின் பாலர் சபையிற் சேர்ந்தவர். பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாம் அந்த நாடகக் குழுவே. கூத்திலும் அவ்வாறே. காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. இராசகோபால் பத்து வயதிற் பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவிற் சேர்ந்தார். வளர்ந்தபின் அந்த இழப்பை அவர் மறக்கவில்லை. 2002இல் ஒரு குருகுலம் அமைத்து, பகலிற் பாடப் புத்தகமும் அதனோடு கூத்தும் ஒன்றாகக் கற்பித்தார். ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் சிறுமியரும் அங்கே அரங்கேறினர். 2020 வரை அது நடந்தது. ஆந்திரத்துச் சுரபி நாடகக் குடும்பத்தார் வேறொரு வழி கண்டார்கள். 1885இல் கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் சிற்றூரில் கீசக வதம் ஆடித் தொடங்கிய அவர்கள், வீட்டை விட்டுப் பயணம் போகவில்லை, வீட்டையே பயணமாக்கிக்கொண்டார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், பாட்டி எல்லாரும் குழுவில். குழந்தை பிறப்பதும் கூடாரத்தில், நடிக்கக் கற்பதும் அதே கூடாரத்தில்.

இனி, ஆபத்து எது என்று பார்ப்போம். கூத்துக் கலைஞருக்குத் தொண்டை. ராக் கலைஞருக்குச் செவி. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம், 100 டெசிபலாயின் 15 நிமிடமே என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையார் வகுத்த அளவு. ராக் மேடையில் 100 என்பது சாதாரணம். ஆகவே பிள்ளைக்கு வழிச்செலவுக்குப் பணம் கொடுக்க மனம் வராத பெற்றோர், நல்ல செவியடைப்பான் ஒரு சோடியாவது வாங்கிக் கொடுக்கலாம்.

மற்றோர் ஆபத்து, பருவத்தையே நம்பி வாழ்வது. 2020இல் பங்குனி பாதி ஆவதற்குள், மார்ச்சு 25 அன்று, கொரோனா தொற்றினால் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அலுவலகத்தாருக்கு அது ஆண்டின் எந்த மாதமாயினும் ஒன்றே. கூத்தாடிக்கோ, ஆண்டு முழுவதற்கும் சோறு தரும் மாதங்களின் வாயிலிலேயே கதவு சாத்தப்பட்டது. திருவிழா இல்லை, பாரதம் இல்லை. வாங்கிய முன்பணம் செலவாகிப் போயிற்று. அதை ஆடிக் கழிக்க இரவுகள் இல்லை. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு. உலகெங்கும் சிறு இசைக்குழுக்களும் அதே காலத்தில் வேன்களை நிறுத்திவிட்டு வேறு வேலை தேடின. கையில் வேறொரு தொழில் இருந்தவர்கள் தப்பினார்கள்; பிள்ளையின் பட்டப்படிப்பு வீண் என்று வருந்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தில்லியில் 1990இல் தோன்றிய ‘இந்தியன் ஓஷன்’ குழுவின் இராகுல் ராம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தக் குழு 2010இல், இசைத்தட்டு நிறுவனம் எதையும் நம்பாமல், தம் புதுப் பாடல்களை மாதம் ஒன்றாக இலவசமாகவே மக்களுக்குக் கொடுத்தது. மேடை நிகழ்ச்சியில் வரும் வருவாயே போதும் என்ற துணிவு அதற்கு இருந்தது. சென்னையிலும் 2018 சனவரி 6ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில், ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு கானாவும் பறையும் கிதாரும் கலந்து பத்தொன்பதுபேராய் மேடையேறியது. பத்தொன்பது பேரை ஊர் ஊராக ஏற்றிச் செல்வது எளிதன்று. நால்வர் குழு ஒரு வேனில் அடங்கும் என்பதை நம் பிள்ளைகள் சார்பில் இங்கே குறித்துவைக்கிறேன்.

ஆகவே வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால், “குலத்தில் உண்டா” என்ற கேள்வியை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கேட்கலாம். பங்கு எப்படிப் பிரிப்பீர்கள், அதை எழுதி வைத்தீர்களா? பாட்டு இயற்றியவனுக்குத் தனிப் பங்கு உண்டா? குழு கலைந்தால் வேன் யாருக்கு? நோயுற்றால் மருத்துவக் காப்பீடு உண்டா? பெண் பிள்ளையாயின், தங்கும் இடத்தை முன்னரே அறிந்து உறுதி செய்தவர் யார்? நம் கூத்து வாத்தியார்கள் ஏடும் எழுத்தாணியும் இன்றியே இவற்றுக்கெல்லாம் விடை வைத்திருந்தார்கள். இல்லாவிடில் பதினைந்து பேர் ஒரு பருவம் கூட ஒன்றாய் இருந்திருக்க முடியாது.

இன்னும் ஒன்று. விடியற்காலையில் ஆட்டம் முடிந்து, முகத்து வண்ணத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்து, பெட்டி கட்டி, எல்லாரும் வேனில் ஏறியவுடன் உறங்கிவிடுவர். வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. நள்ளிரவில் நிகழ்ச்சி முடித்துவிட்டு முந்நூறு கல் தொலைவுக்குப் புறப்படும் ராக் குழுவிலும் அதுவே நிலை; அங்கே ஓட்டுகிறவனும் அன்றிரவு வாசித்தவனே. இரவிற் கண்விழித்தவன் கையில் வண்டிச் சாவி இருக்கலாகாது என்பதை மட்டும் பெற்றோர்கள் பிடிவாதமாகக் கேட்டுப் பெறலாம். ஓட்டுவதற்கென்றே ஐந்தாவதாக ஒரு தோழன், பகலில் உறங்கியவன், உடன் போகட்டும். அவனுக்கும் ஒரு பங்கு வைக்கச் சொல்லுங்கள்.