கழுத்தில் நெறி கட்டினால்

"பிள்ளைக்குக் கழுத்திலை நெறி கட்டியிருக்கு." நீர்வேலிப் பக்கம் வீடுகளுக்குப் போனால் தாய்மார் சொல்லும் முறைப்பாடு இது. பயப்பட வேண்டாம். தொண்டைப்புண், சூத்தைப்பல், தலைப்புண் எதுவென்றாலும் கிட்டவுள்ள நெறி வீங்கி நோகும். புண் மாற அதுவும் வற்றும். காதடியில் தாடையோடு வீங்கும் கூகைக்கட்டு வேறு. அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வைரஸ் தொற்றுவதால் வருவது.

நோவில்லாமல் மூன்று கிழமை கடந்தும் வற்றாத கட்டிதான் கவனிக்க வேண்டியது. பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு இருந்தால் தாமதிக்காதீர்கள். முன்னோர் கண்டமாலை என்ற நோய் பெரும்பாலும் கசநோய்தான். முகாம்களில் நெருக்கமாக இருந்த காலத்தில் உடலில் புகுந்த கிருமி பல ஆண்டுகள் உறங்கி, உடல் நலியும்போது கிளம்பலாம். சிலவேளை புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். ஊசியால் சிறிது எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். சுண்ணாம்பு பூசுவதும் கீறிவிடுவதும் கூடாது. கீறினால் ஆறாத புண்ணாகும்.

குமர்ப்பிள்ளைக்கு வந்தால் கலியாணம் குழம்பும் என்று மூடி மறைக்கிறார்கள். நெறியில் மட்டும் உள்ள கசநோய் மற்றவருக்குத் தொற்றாது. கோப்பையைப் பிரித்து வைக்கவும் தேவையில்லை. அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் குளிசை இலவசம். வழக்கமாக 6 மாதம் எடுக்க வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம். இடையில் கட்டி சற்றுப் பெருத்தாலும் குளிசையை நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.