நாவுக்கு முன் நெஞ்சு

2018 ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஆசனம் கிடைத்தால் மட்டும் போதுமா? சபையில் எழுந்து பேசவும் வேண்டுமே! இதற்கென நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகள் சிலவற்றில், முதல் நாளே ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, உச்சரிப்பை எல்லோர் முன்னிலையிலும் திருத்துகிறார்கள். கூச்சமுள்ளவர் மறுநாள் வருவதில்லை.

மாறாக, அவர் நன்கறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். குளக்கட்டு உடைந்த கதையை முதலில் மூவருக்கும், பின்னர் பத்துப் பேருக்கும், அதன்பின் முழுச் சங்கத்துக்கும் தமது ஊர்த் தமிழிலேயே சொல்லட்டும். நன்றாகச் சொன்னதைப் பாராட்டிய பின், ஒரு தடவைக்கு ஒரு குறையை மட்டும் தனியே எடுத்துச் சொல்வோம்.

கேட்கத் துணியாத கிராமத்துக்கு வீதியும் வராது, குளமும் திருந்தாது. வளவாளர்களே, நாவைத் திருத்துமுன் நெஞ்சைத் திடப்படுத்துங்கள்.