குடிநீர் அறிக்கையும் கோப்பில் இருக்கட்டும்

வேலூரிலிருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையம், தோல் பதனிடும் ஆலைகள் மிகுந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாகக் கணக்கிட்டது. பாலாற்று மாசு தொடர்பான வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் அக்கணக்கு இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியையும் அத்தீர்ப்பு உறுதிசெய்தது. வயலில் நடந்த ஆய்வு குடிமக்களின் நலனுக்குச் சான்றாயிற்று.

அதே பாலாறுதான் காஞ்சிபுரத்தை ஒட்டியும் செல்கிறது. இதனால் நம் ஊர்க் கிணறுகள் யாவும் கெட்டுவிட்டன என்று பொருளன்று. ஊகத்தை விடுத்துச் சோதித்தறிய வேண்டும் என்பதே பொருள். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். குரோமியம் போன்ற உலோகங்களும் உப்புகளும் நீங்கா. நீர் வற்றுந்தோறும் அவற்றின் செறிவு கூடும்.

இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் குடிநீர் அறிக்கையும் மருத்துவக் கோப்பில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கிணற்று நீரை அருந்துவோர் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அதனைச் சோதித்துக்கொள்ளலாம். நாட்பட்ட தோல் நோயோ சிறுநீரகக் குறைபாடோ உடையவர்கள், அருந்தும் நீர் எது, உழைப்பது வயலிலா சாயப்பட்டறையிலா என்பதை மருத்துவர் கேளாவிடினும் கூறுங்கள். நோயாளியால் சொல்ல இயலாதபோது, உடன் வருவோர் சொல்லுங்கள். நோயின் காரணத்தைத் தேடும் எங்களுக்கு அது பேருதவி.