மாமியின் கடிகாரம்

அன்று காலை ஏழு மணிக்கே எதிர் வீட்டு மாமி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ பத்திரிகையிலே எழுதறவளாச்சே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன். எங்க அக்கா நேத்து ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சிங்கப்பூர்லே பிளேன் ஏறினா. ஆறரைக்கு நியூயார்க் போய்ச் சேர்ந்துடும்னு சொன்னா. மணி ஏழாறது, ஒரு தகவலும் இல்லையே!"

பெண்ணின் பிரசவத்துக்காக அறுபது வயதுக்கு மேல் முதல் முதலாகத் தனியே கிளம்பிய அக்கா. கவலை இராதா, பின்னே?

"மாமி, அந்த ஆறரை நியூயார்க்கின் ஆறரை. கோடையில் அந்த ஊர்க் கடிகாரம் சிங்கப்பூருக்குப் 12 மணி பின்னால், குளிர்காலத்தில் 13. பிரயாணம் ஆறரை மணி நேரம் அல்ல. பதினெட்டரை மணி நேரம்!"

மாமி திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தனை நேரம் இறங்காமலா?"

இறங்காமல்தான். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க்கை அடுத்த நூவர்க்குக்கு இப்படி நிற்காமல் பறக்க ஆரம்பித்து, 2013-ல் நிறுத்திவிட்டது. 2018-ல் புது விமானத்துடன் மறுபடி தொடங்கி, 2020 நவம்பரில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் பறந்தது. அந்த விமானம் 1,65,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். ஆனால் ஆசனங்கள் 161 மட்டுமே. எண்ணெயின் கனத்துக்காக ஆட்களைக் குறைத்துக்கொண்டார்கள்!

என் பையனின் பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நூல் வடதுருவத்தின் பக்கமாகப் போயிற்று.

"இதுதான் குறுக்கு வழி. ஆனால் விமானம் பெரும்பாலும் பசிபிக் சமுத்திரத்தின் மேலாகச் சுற்றிக்கொண்டு போகும். சமயத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதிகம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்று வீசுகிறது. அது பின்னாலிருந்து தள்ளினால், தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்."

"கூட்டமான கடைத்தெருவை விட்டுட்டு, சுத்து வழியா வண்டியை ஓட்டற மாதிரின்னு சொல்லு."

"அதேதான். அக்கா இப்போது பாதி வழி தாண்டியிருப்பார். நம் ஊர்க் கணக்கில் மாலை நாலு மணிக்கு இறங்குவார். போய்ச் சாப்பிடுங்கள்."

நாலரை மணிக்கு மாமி ஓடி வந்தாள். "அக்கா பேசிட்டா! நடுவானத்திலே விடிஞ்சு, மறுபடி இருட்டி, இறங்கறப்போ அதே தேதிக்கு இன்னொரு தரம் விடிஞ்சுதாம்!"

வாஸ்தவம்தான். பசிபிக்கின் நடுவே தேதிக் கோட்டைக் கிழக்கே தாண்டினால் ஒரு நாள் பின்னால் போய்விடுகிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் புறப்பட்டால், 'எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?' என்று கேட்பதோடு நிற்காதீர்கள். 'எத்தனை மணி நேரப் பிரயாணம்?' என்றும் கேட்டு, அதை நம் வீட்டுக் கடிகாரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். பாதிக் கவலை தீரும்.

மாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"ஏண்டீ, ஒரே தேதிக்கு இரண்டு தரம் விடிஞ்சா, கோலமும் இரண்டு தரம் போடணுமோ?"