பாண்டுக்கு ஒரு நியாயம், மால்குடிக்கு ஒரு நியாயமா?

மக்களே, ரெண்டு வாரமா அடக்கி வச்ச கடுப்பு இது. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஒரு கல்லூரி கலை விழா. எந்தக் கல்லூரின்னு கேக்காதீங்க. எலெக்ட்ரிக் கிட்டார் போட்டியில 'மால்குடி டேஸ்' தீம் வாசிக்கிறேன்னு பேர் கொடுத்தேன். "தம்பி, சினிமா, சீரியல் மியூசிக்லாம் கிடையாது. சீரியஸா ஏதாவது வாசிங்க"ன்னுட்டார் பொறுப்பாளர். சரி, விதின்னா விதிதானேன்னு கீழ போய் உக்காந்துட்டேன். அப்புறம் மேடையேறின ஒரு அண்ணன் வாசிச்சது என்ன தெரியுமா? ஜேம்ஸ் பாண்ட் தீம்! முதல் பரிசும் அவருக்கே.

நல்லாத்தான் வாசிச்சார். எனக்குப் பொறாமை இல்ல (சரி, கொஞ்சம் உண்டு). ஆனா அய்யா, அது சினிமா இசை இல்லாம வேற என்ன? 1962-ல வந்த 'டாக்டர் நோ' படத்துக்கு மான்டி நார்மன் போட்ட மெட்டு, ஜான் பாரி அதை இசைக்குழுவுக்கு அமைச்சார். கிட்டார் வாசிச்ச விக் ஃப்ளிக் (2024-ல காலமானார்) கூப்பிட்ட ரெக்கார்டிங்குக்குப் போய் கூலிக்கு வாசிச்ச ஸ்டூடியோ கலைஞர். லண்டன்ல கூலிக்கு வாசிச்சா கிளாசிக், கோடம்பாக்கத்துல வாசிச்சா மட்டமா?

இளையராஜாவே மியூசிக் டைரக்டர் ஆகுறதுக்கு முந்தி மத்தவங்க படத்துக்குக் கிட்டார் வாசிச்சவர்தான். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்து 'இளைய நிலா' பாட்டுல வர்ற கிட்டார் சந்திரசேகர் கைவண்ணம். அது எலெக்ட்ரிக் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா தமிழ்நாட்டுல கிட்டாரைத் தொட்டவன் ஒரு நாளாவது அதோட மல்லுக்கட்டியிருப்பான். விக் ஃப்ளிக் பேர் தெரிஞ்ச நம்ம பசங்கள்ல எத்தனை பேருக்கு இவர் பேர் தெரியும்?

அடுத்து, "காப்பிதானல அடிக்க?"ன்னு ஒரு கேள்வி வரும். மால்குடி தீம் எல்.வைத்தியநாதன் போட்டது, எண்பதுகள்ல தூர்தர்ஷன்ல வந்தது. வார்த்தையே இல்லாம குரல்ல முணுமுணுக்கிற மெட்டு. குரல் ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டு போகும். கிட்டார்ல அந்த வழுக்கலுக்கு ஃப்ரெட் கிடையாது, தந்தியை இழுத்துத்தான் கொண்டு வரணும். ஒரு மயிரிழை குறைஞ்சாலும் அபசுரம். விரல் நுனி தோல் உரிஞ்சு நாலு மாசம் ஆச்சு எனக்கு. சொந்தமா ஒண்ணு போட்டு வாசிச்சா, தப்பினாலும் "அது அப்படித்தான்"னு சமாளிச்சிடலாம். ஊருக்கே தெரிஞ்ச மெட்டுல எங்கே போய் ஒளிய?

சந்தேகம்னா எங்க ராயகிரி பக்கம் கொடைக்கு வாங்க. மெல்லிசைக் கச்சேரியில ஒரு இழுப்பு விட்டுப் போனாலும், ஓரமா உக்காந்து கடலை கொறிக்கிற தாத்தா "ஏல, நடுவுல ஒண்ணைக் காணோமே"ன்னு சொல்லிருவார். அவரை விடவா அந்த ஜட்ஜுங்க?

அடுத்த வருசமும் இதே தீமுக்குத்தான் பேர் கொடுக்கப் போறேன். வேண்டாம்னா நோட்டீஸ்லயே தெளிவா போட்டுருங்க: "இங்கிலீஷ் படமா இருந்தா பரவாயில்லை."