விலையை விசாரிக்கிறார்கள், விளைவை விசாரிப்பவர் யார்?

பல்கலைக்கழகமொன்று நூறு கதிரைகள் வாங்க வேண்டுமாயின் எத்தனை படிகளைக் கடக்க வேண்டும் என்பதை நம்மிற் பலர் அறிவோம். ஆண்டுப் பெறுகைத் திட்டத்தில் அது இடம்பெற வேண்டும். விலைமனுக்கள் கோரப்பட வேண்டும். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு அவற்றை ஒப்பிட வேண்டும். பெறுகைக் குழு முடிவு கூற வேண்டும். இத்தனைக்கும் பின்னர் கணக்காய்வாளர் நாயகத்தின் கேள்விக்கும் விடை ஆயத்தமாக இருக்க வேண்டும். இவ்வொழுங்கை நாம் பழிக்கவில்லை. மக்களின் வரிப்பணம் காக்கப்பட வேண்டியதே.

ஆனால் கதிரைக்குப் பொருந்தும் அளவுகோல் கணினித் தொழில்நுட்பத்துக்கும் பொருந்துமா? கதிரை மாணவனைத் தாங்குகிறது, அவனை மதிப்பிடுவதில்லை. அவன் எழுதியதைச் சேமித்து வைப்பதில்லை. வாங்கிய பின்னர் ஓரிரவில் தன் இயல்பை மாற்றிக்கொள்வதுமில்லை. மென்பொருளோ இவை அனைத்தையும் செய்யவல்லது. அவ்வாறிருந்தும், நமது விசாரணை பணம் கைமாறும் வேளையில் மட்டுமே விழித்தெழுகிறது. விலை இல்லையெனின் விசாரணையும் இல்லை!

‘இலவசமாகத் தருகிறார்கள், எதற்கு விசாரணை?’ என்று கேட்போருக்கு அண்மைக்கால வரலாறே விடை கூறும். உலகின் பல பல்கலைக்கழகங்கள் கூகிள் நிறுவனம் எல்லையற்ற சேமிப்பிடத்தை இலவசமாகத் தருவதாகக் கூறியதை நம்பி, தமது அஞ்சல்களையும் ஆய்வுக் கோப்புகளையும் அதனிடம் ஒப்படைத்தன. 2021 பெப்ரவரியில் அந்நிறுவனம் அவ்வாக்கை மீட்டுக்கொண்டது. 2022 யூலையிலிருந்து ஒரு நிறுவனம் முழுவதற்குமே 100 டெராபைட் என எல்லை வகுக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கிற் குவிந்த செல்வத்தை எங்கே பெயர்ப்பது? எவரைக் கேட்பது? நுழையும் வழியை மட்டும் பார்த்தவர்களுக்கு வெளியேறும் வழி தெரியவில்லை.

1945 முதல் இந்நாட்டு மக்கள் அனுபவித்துவரும் இலவசக் கல்வியும் இவ்வகை இலவசமும் ஒன்றல்ல. முன்னையது மக்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட உரிமை. பின்னையது வணிகன் எறியும் தூண்டில்.

இனி, விலை கொடுத்து வாங்கியதன் கதையையும் பார்ப்போம். மாணவரின் கட்டுரைகளிற் களவைக் கண்டறியும் டேர்னிட்டின் என்னும் சேவை 2019இல் ஏறத்தாழ 175 கோடி டொலருக்குக் கைமாறிற்று. அந்தப் பெறுமதிக்குள் உலகெங்கும் மாணவர் எழுதிக் குவித்த கட்டுரைகளின் களஞ்சியமும் அடங்கும். எழுதியவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. 2023 ஏப்ரலில் அச்சேவை, எழுதியது மாணவனா செயற்கை நுண்ணறிவா என்று கூறும் புதிய கருவியொன்றைப் பழைய ஒப்பந்தத்தின் கீழேயே வகுப்பறைக்குள் இறக்கிற்று. அமெரிக்காவின் வாண்டர்பில்ற் பல்கலைக்கழகம், தனக்கு ஒரு நாள் முன்னறிவித்தல் கூடக் கிடைக்கவில்லை என்று கூறிற்று. அது போட்ட கணக்கு எளியது: 2022இல் அங்கு சோதிக்கப்பட்டவை 75,000 கட்டுரைகள், கம்பனி தானே ஒப்புக்கொண்ட பிழை நூற்றுக்கு ஒன்று, ஆகவே ஏறத்தாழ 750 கட்டுரைகள் மீது வீண்பழி விழும். 2023 ஓகஸ்ற்றில் அப்பல்கலைக்கழகம் அக்கருவியை நிறுத்திவிட்டது.

அதே ஆண்டில் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் இத்தகைய வேறு ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 கட்டுரைகளை அவற்றிடம் கொடுத்தபோது, சராசரியாக நூற்றுக்கு 61 அளவில் ‘இயந்திரம் எழுதியது’ என்று அவை தீர்ப்பளித்தன. இந்தச் செய்தி நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. கிளிநொச்சியிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் வந்து, இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறி நேர்மையாக எழுதும் மாணவிதான் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறாள். எந்த விலைமனுவின் எந்த நிரலில் அவளுடைய நட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது?

பணக் கணக்கிலேனும் நமது முறை தவறாதது என்று கூற முடியுமா? ஆண்டுதோறும் டொலரிற் செலுத்தும் உரிமக் கட்டணம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். 2022இன் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 20 இலட்சம் ரூபா. ரூபா வீழ்ந்த அதே ஆண்டின் மே மாதத்தில் 36 இலட்சம். முதலாண்டு விலையில் மலிவானதைத் தெரிந்தெடுப்பவர்கள், ஐந்தாம் ஆண்டில் எதை அடகு வைக்கப்போகிறோம் என்று கேட்பதில்லை.

‘இவை நிபுணர் பார்க்க வேண்டிய விடயங்கள், மூதவையில் விவாதித்தால் தாமதமாகும்’ என்பர். கம்பி வடமும் வழங்கியும் நிபுணர் பொறுப்பு என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் மாணவனை எவ்வாறு மதிப்பிடுவது என்பது கல்வியின் கேள்வி. அதை ஆசிரியரும் மாணவரும் இல்லாத குழு தீர்ப்பது எவ்வாறு தகும்? இதில் நமது குற்றமும் உண்டு. நிபந்தனைகளைப் படியாமலே ‘சம்மதம்’ என்னும் பொத்தானை அழுத்தியவர்களுள் நாமும் அடங்குவோம்.

வேறு வழி இல்லாமலில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நமது பல்கலைக்கழகங்களின் பொது வலையமைப்பாகிய லேர்ண் ஊடாக வகுப்புகள் நடந்தன. அவ்வழியே கற்ற மாணவருக்குத் தொலைத்தொடர்புக் கம்பனிகள் தரவுக் கட்டணத்தை விலக்கின. தனித்தனியே கையேந்தியிருந்தால் இது கிட்டியிராது. எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய மூடில் என்னும் கட்டற்ற மென்பொருளும் நம்மிடையே நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது.

ஆகவே நாம் கோருவது இதுவே. இலவசமாயினும் விலைக்காயினும், கற்பித்தலையும் பரீட்சையையும் தொடும் ஒவ்வொரு தொழில்நுட்பமும் ஒரே வாயிலைக் கடக்க வேண்டும். பேரவை பணத்தை அனுமதிக்குமுன் மூதவை கல்விப் பயனை ஆராய வேண்டும். அந்த ஆராய்வில் மாணவர் குரலும் ஒலிக்க வேண்டும். ஐந்தாண்டுச் செலவும், வெளியேறும் வழியும், மாணவர் எழுத்தின் உரிமையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். புதிய கருவி சேர்க்கப்பட்டால் புதிய அனுமதி வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை வெளியிடப்பட வேண்டும். மறுத்தால், 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது.

கதிரைக்குக் காட்டும் கவனத்தை அதில் அமரும் மாணவிக்கும் காட்டுங்கள் என்கிறோம். இது பேராசையன்று.