‘இன்னொரு தடவையா!’ – பிரெக்ஸிட் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர்கள்

2017 ஏப்ரல் 18. பிரிட்டன் பிரதமர் தெரசா மே, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பொதுத்தேர்தலை அறிவித்தார். பி.பி.சி. நிருபர் ஒருவர் பிரிஸ்டல் நகரத் தெருவில் மைக்கை நீட்டியபோது அகப்பட்டவர் ஒரு வயதான பெண்மணி. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! விளையாடுகிறீர்களா, இன்னொரு தேர்தலா, என்னால் தாங்க முடியவில்லை, எங்கே பார்த்தாலும் ஒரே அரசியல் என்று அங்கேயே அலுத்துக்கொண்டார். சில விநாடிகளே ஓடும் அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றிவந்தது. அவர் எந்தக் கட்சி, எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்றெல்லாம் யாரும் கவலைப்படவில்லை. எல்லோர் மனதிலும் இருந்ததை ஒரு பாட்டி சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அப்போது பிரெக்ஸிட் பேச்சுவார்த்தை தொடங்கவே இல்லை. அது ஆரம்பித்ததே ஜூன் 19-ம் தேதிதான். கல்யாணப் பேச்சு எடுக்கும் முன்பே சம்பந்தி வீட்டோடு அலுத்துப்போன மாதிரி.

பிரெக்ஸிட் என்றால் என்ன என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால் சொல்லச் சுருக்கமாக: ஐரோப்பிய யூனியனில் இருக்கலாமா, விலகலாமா என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்களிடம் கேட்டார்கள். விலகலாம் என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். இருக்கலாம் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். சதவிகிதத்தில் 51.9-க்கு 48.1. கேள்வியைக் கேட்ட பிரதமர் டேவிட் கேமரூன், விடை பிடிக்காததால் மறுநாள் காலையே ராஜினாமாவை அறிவித்துவிட்டார். அடுத்து வந்த தெரசா மே, ‘பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்தான்’ என்றார். இட்லி என்றால் இட்லிதான் என்பது போன்ற விளக்கம் இது. அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்க இரண்டரை வருடம் ஆயிற்று.

அந்தப் பதில் 585 பக்க ஒப்பந்தமாக 2018 நவம்பரில் வந்தது. 2019 ஜனவரி 15-ல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஆதரவு 202, எதிர்ப்பு 432. பிரிட்டனின் நவீன வரலாற்றில் ஓர் அரசாங்கம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. மார்ச் 12-ல் அதையே கொஞ்சம் பூச்சு பூசிக் கொண்டுவந்தார் மே. 149 ஓட்டு வித்தியாசத்தில் தோல்வி. மூன்றாவது முறை கொண்டுவரப் பார்த்தபோது சபாநாயகர் ஜான் பெர்கோ, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்ற 1604-ம் வருடத்து மரபை எடுத்துக்காட்டித் தடுத்தார். ஒப்பந்தத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்து மார்ச் 29-ல் வைத்தார்கள். 58 ஓட்டில் தோல்வி. விலகியே தீருவோம் என்று குறித்துவைத்த நாளே அதுதான்.

‘சரி, அவர் கொண்டுவந்தது பிடிக்கவில்லை. உங்களுக்கு எதுதான் வேண்டும்?’ என்று எம்.பி.க்களைக் கேட்டால்? அதையும் கேட்டார்கள். மார்ச் 27-ல் எட்டு யோசனைகளை வரிசையாக வைத்து வாக்கெடுப்பு. எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை! ஏப்ரல் 1-ல் நான்கு யோசனைகளோடு மறுபடி முயன்றார்கள். சுங்க ஒன்றியத்தில் தொடரலாம் என்ற யோசனை மூன்றே ஓட்டில் தோற்றது. மற்றவையும் தோற்றன. மூன்று நாள் கழித்து நாடாளுமன்றக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகி அன்றைய சபையை ஒத்திவைத்தார்கள். கார்ட்டூனிஸ்டுகளுக்கு வேலையே வைக்கவில்லை அந்தக் கட்டடம்.

இதற்கு ஒரு வாரம் கழித்து ஐரோப்பியத் தலைவர்கள் அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க், தயவுசெய்து இந்த நேரத்தை வீணாக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாளே எம்.பி.க்கள் ஈஸ்டர் விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மக்களுக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. பிரெக்ஸிட்டையே ரத்து செய்யுங்கள் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் வைத்த மனுவில் 61 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். ஒரு கட்டத்தில் தளமே படுத்துவிட்டது. மறுபக்கம், இன்னும் ஏன் விலகவில்லை என்று கொதித்தவர்கள், மே மாதம் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் கன்சர்வேடிவ் கட்சியை ஐந்தாவது இடத்துக்குத் தள்ளினார்கள். பிறந்து சில மாதங்களே ஆன பிரெக்ஸிட் கட்சி முதலிடம். அதாவது, இருக்க நினைத்தவர்களுக்கும் கோபம், விலக நினைத்தவர்களுக்கும் கோபம். பிரிட்டனில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்த ஒரே விஷயம் அதுதான்.

அந்தக் கோபத்தை மே பயன்படுத்திக்கொள்ளப் பார்த்தார். மார்ச் 20 இரவு டி.வி.யில் தோன்றி, இந்த உட்பூசலும் அரசியல் விளையாட்டும் உங்களுக்குச் சலித்துவிட்டது, நான் உங்கள் பக்கம் என்று மக்களிடம் பேசினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்று வருடம் முன்பு, வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி.யை நட்டநடுத் தெருவில் கொன்றார்கள். பல எம்.பி.க்களுக்குத் தினமும் மிரட்டல் வந்துகொண்டிருந்தது. அந்தச் சூழ்நிலையில் நாட்டின் பிரதமரே, மக்கள் ஒரு பக்கம், நாடாளுமன்றம் இன்னொரு பக்கம் என்று கோடு கிழிக்கலாமா? எம்.பி.க்கள் கொதித்துப்போனதில் நியாயம் இருந்தது.

சிரிப்பும் இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் இல்லாமலே விலக நேர்ந்தால் சரக்குப் போக்குவரத்து நின்றுவிடுமே என்று, கூடுதல் கப்பல் சேவைக்கு ஒரு நிறுவனத்துக்கு 1 கோடியே 38 லட்சம் பவுண்டு ஒப்பந்தம் கொடுத்தது அரசு. பிறகுதான் அந்த நிறுவனத்திடம் கப்பலே இல்லை என்று தெரிந்தது. அவர்களுடைய இணையதளத்தில் இருந்த விதிமுறைகள், வீட்டுக்குச் சாப்பாடு டெலிவரி செய்யும் கடைக்கு எழுதினவை போல இருந்தன. ஒப்பந்தம் ரத்தானது. டோவர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நெரிசல் வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்க, லாரிகளை வரவழைத்து வேண்டுமென்றே வரிசையில் ஓட்டிப் பார்த்தார்கள். வந்தவை 89 லாரிகள். நம் ஊர்ச் சுங்கச்சாவடியில் ஞாயிறு இரவு அதைவிட நீளமாக நிற்கும்!

அடுத்து பத்திரிகைகளும் டி.வி.யும். என்னைக் கேட்டால், தலைவர்களைவிட இவர்கள் மேல்தான் வருத்தம் அதிகம்.

பிரிட்டனில் இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே சுவரே கிடையாது. பிரெக்ஸிட்டின் முகமாக இருந்த போரிஸ் ஜான்சன், 1989 முதல் 1994 வரை டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையின் பிரஸ்ஸல்ஸ் நிருபர். ஐரோப்பிய யூனியன் அதிகாரிகள் எதற்கெடுத்தாலும் கிறுக்குத்தனமான சட்டம் போடுகிறார்கள் என்ற பாணியில் எழுதிப் பெயர் வாங்கியவர். வளைந்த வாழைப்பழத்துக்குத் தடை என்பது அந்த வகைக் கதைகளில் ரொம்பப் பிரபலம். உண்மையில் இருந்தது பழத்தைத் தரம் பிரிக்கும் விதி. இப்படிப்பட்ட கதைகளை மறுப்பதற்கென்றே ஐரோப்பிய ஆணையம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2016-ல் எந்தப் பக்கம் சேரலாம் என்று யோசித்தபோது ஜான்சன், விலகலுக்கு ஒன்று, இருப்பதற்கு ஒன்று என இரண்டு கட்டுரை எழுதிப் பார்த்தார் என்பது பின்னால் வெளிவந்தது. அவரோடு நின்ற மைக்கேல் கோவ், டைம்ஸ் பத்திரிகையில் இருந்தவர். எதிரணியில் இருந்த நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பதவி போன பிறகு 2017-ல் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகைக்கே ஆசிரியராகிவிட்டார். தலைவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய நாற்காலியில் தலைவர்களே வந்து உட்கார்ந்தால் வாசகர் யாரை நம்புவார்?

சிவப்புப் பேருந்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஐரோப்பிய யூனியனுக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை மருத்துவத்துக்குச் செலவிடலாம் என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது. இந்தக் கணக்கு மக்களைத் தவறாக வழிநடத்தும் என்று நாட்டின் புள்ளியியல் ஆணையமே சொன்னது. ஆனால், டி.வி. விவாதங்களில் என்ன நடந்தது? ஒருவர் அந்த எண்ணைச் சொல்வார், எதிரில் இருப்பவர் மறுப்பார், நேரம் முடிந்தது, நன்றி வணக்கம். தீர்ப்பே சொல்லாத பட்டிமன்றம். இரண்டு பக்கத்துக்கும் சம நேரம் கொடுத்துவிட்டால் நடுநிலை ஆகிவிடுமா? மழை பெய்கிறது என்று ஒருவரும், பெய்யவில்லை என்று ஒருவரும் சொன்னால், ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டியது நிருபரின் வேலை இல்லையா?

இன்னொரு பக்கம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் விலகல் நடவடிக்கையைத் தொடங்க முடியாது என்று தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு ‘மக்களின் எதிரிகள்’ என்று தலைப்பிட்டது டெய்லி மெயில். 2016 நவம்பர் 4-ம் தேதி முதல் பக்கம் அது.

தினசரிச் செய்தியோ கிரிக்கெட் ஸ்கோர் போல ஆனது. இன்று யார் ராஜினாமா, எத்தனை ஓட்டில் தோல்வி, மே தாக்குப்பிடிப்பாரா? நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள புல்வெளியில் சேனல்கள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டன. பின்னால் போராட்டக்காரர்கள் கத்த, முன்னால் நிபுணர்கள் ‘பேக்ஸ்டாப்’ என்றார்கள். அது என்ன என்று பாமரருக்குப் புரியும்படி சொன்னவர்கள் குறைவு. வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சோதனைச் சாவடி வந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை. அதைக் கடக்க இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள். 1998-ம் வருடத்து ஒப்பந்தத்தால் துப்பாக்கிகள் ஓய்ந்த இடம் அது. இதைக் கதையாகச் சொன்னால் ஒரு குழந்தைகூடக் கேட்கும். ஆனால், ‘பேக்ஸ்டாப்’ என்ற ஒரு சொல்லாகச் சுருக்கியதும் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள்.

2018 ஜூனில் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் நடிகர் டேனி டையர், பிரெக்ஸிட் என்பது யாருக்கும் புரியாத பைத்தியக்கார விடுகதை என்று வெடித்தார். எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்த கேமரூன் எங்கே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்றும் கேட்டார். விவாதங்கள் மணிக்கணக்கில் செய்யாததை அவர் ஒரு நிமிடத்தில் செய்ததாக மக்கள் கொண்டாடினார்கள்.

பிறகு சலிப்பு முற்றியது. ஆக்ஸ்ஃபோர்டு ராய்ட்டர்ஸ் ஆய்வு மையம் 2019-ல் கேட்டபோது, பிரிட்டனில் 35 சதவிகிதம் பேர் செய்தியையே தவிர்ப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 71 சதவிகிதம் பேர் சொன்ன காரணம் பிரெக்ஸிட். அந்த அக்டோபரில் ஸ்கை நியூஸ் ஒரு காரியம் செய்தது. வார நாள்களில் மாலை 5 முதல் இரவு 10 வரை பிரெக்ஸிட் என்ற பேச்சே இல்லாத தனிச் செய்திச் சேனல்! ஒரு சேனல், தானே போட்ட செய்தியிலிருந்து நேயர்களைக் காப்பாற்ற இன்னொரு சேனல் ஆரம்பித்த அதிசயம்.

சேனலை மாற்ற முடியாதவர்களும் இருந்தார்கள். பிரிட்டனில் வாழ்ந்த முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நாட்டவர்கள், பல வருடம் வேலை செய்து, வரி கட்டி, பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், இனி இங்கே இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்றானது. முதலில் அதற்கு 65 பவுண்டு கட்டணம் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் விட்டுவிட்டார்கள். அடையாளத்தைச் சரிபார்க்கும் செயலி ஆரம்பத்தில் ஆண்ட்ராய்டு போனில் மட்டும்தான் வேலை செய்தது. ஐபோன் வைத்திருந்தவர் யாரிடமாவது போன் கடன் வாங்க வேண்டும். இவர்களில் பெரும்பாலானோருக்கு 2016-ல் ஓட்டே கிடையாது. நாடாளுமன்றத்தில் யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்ற செய்திக்கு நடுவே இவர்கள் கதை கடைசிப் பக்கத்துக்குப் போனது.

நாடாளுமன்றத்தைத் திட்டித் தீர்த்தவர்கள் ஒன்றை யோசித்திருக்கலாம். 52-க்கு 48 என்று பிளந்து கிடந்த நாட்டின் சபையும் அப்படித்தானே இருக்கும்? அந்த எம்.பி.க்கள் குழம்பினார்கள், உண்மை. ஆனால், வெளிச்சத்தில், எண்ணிக்கை வைத்து, எல்லோரும் பார்க்கக் குழம்பினார்கள். அடுத்து வந்த ஜான்சனோ, கட்சி உறுப்பினர்கள் 92,153 பேரின் ஓட்டில் பிரதமரானவர், நாடாளுமன்றத்தையே ஐந்து வாரம் மூடப் பார்த்தார். செப்டம்பர் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து, அது செல்லாது என்றார்கள். ஹன்சார்டு சங்கம் அந்த வருடம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், விதிகளை உடைக்கத் தயங்காத பலமான தலைவர் வேண்டும் என்றவர்கள் 54 சதவிகிதம். நீதிபதிகளின் தீர்ப்பைவிட இந்த எண்தான் என்னைப் பயமுறுத்தியது.

ஜான்சன் சலிப்பின் விலையைச் சரியாகக் கணக்குப் போட்டார். டிசம்பர் 12 தேர்தலில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: பிரெக்ஸிட்டை முடித்துவிடுவோம். எப்படி முடிப்பது, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்கும் தெம்பு பலருக்கு இல்லை. ஒப்பந்தம் தயார், அடுப்பில் வைத்தால் போதும் என்றார். 43.6 சதவிகித ஓட்டில் 365 இடங்கள். அக்டோபர் 31 என்று தேதி போட்டு அச்சடித்திருந்த சுமார் 10 லட்சம் 50 பென்ஸ் நாணயங்களை உருக்கிவிட்டுப் புதுத் தேதியில் அடித்தார்கள். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் விலகியது.

அடுப்பில் வைத்த அந்த ஒப்பந்தம், வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் நடுவே கடலில் ஒரு வணிக எல்லையைப் போட்டிருந்தது. அடுத்த வருடமே, லண்டன் பக்கமிருந்து பெல்ஃபாஸ்ட் கடைகளுக்கு ஸாஸேஜ் அனுப்பலாமா என்று இரண்டு தரப்பும் சண்டை போட்டன. 2023 பிப்ரவரியில் ரிஷி சுனக் விண்ட்ஸரில் உட்கார்ந்து புதிய உடன்பாடு பேசினார். அப்போதும் மேஜையில் இருந்தது, எல்லோரும் கொட்டாவி விட்டுத் தாண்டிப்போன அதே 500 கிலோமீட்டர் எல்லைதான்.